ரெஸ்யூமேயில் ஒரு சின்தசைசர்

எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்களின் ரெஸ்யூமேக்களில் பத்தை எடுத்து அடுக்கிப் பாருங்கள். ப்ராஜெக்ட் பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். லைன் ஃபாலோயர் ரோபோ, ஸ்மார்ட் டஸ்ட்பின், செல்போனில் விளக்கு போடும் வீட்டு ஆட்டோமேஷன். இவற்றில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ரெடிமேட் மாட்யூல்களை ஜம்பர் வயரால் இணைத்து, எங்கிருந்தோ எடுத்த ப்ரோகிராமை ஏற்றினால் இவை ஓடிவிடுகின்றன. ஓடியதும் பலரும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். டெக்னிக்கல் ரவுண்டில் எதிரே இருப்பவர் "இந்த சென்சார் தூரத்தை எப்படி அளக்கிறது?" என்று ஒரு படி உள்ளே போய்க் கேட்டவுடன் பேச்சு நின்றுவிடுகிறது.

அப்படி நிற்காமல் இருக்க நான் சொல்லும் வழி, ஒரு சின்தசைசரைக் கையால் கட்டுவது. கடையில் விற்கும் பெரிய கீபோர்டு அளவுக்குப் போக வேண்டாம். ஒரு ஐசி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, கையளவு ரெசிஸ்டர், கெபாசிட்டர் இருந்தால் போதும். டிப்ளமோ, ஐடிஐ, பி.இ. என்று எதைப் படித்தவரும் செய்யலாம். ஐடி சப்போர்ட்டில் இருந்துகொண்டு ஹார்டுவேர் பக்கம் மாற நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஏன் சின்த்? பிழை காதில் விழும் என்பதால். எல்இடி விளக்கு நொடிக்கு ஒரு தடவை மின்னுவதற்குப் பதில் 1.05 நொடிக்கு ஒரு தடவை மின்னினால் யாருக்கும் தெரியாது. சுருதியில் அதே 5 சதவீதம் விலகினால் பாட்டுத் தெரியாதவர்கூட முகம் சுளிப்பார். ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் அதிர்வெண்ணில் இருக்கும் வித்தியாசமே சுமார் 6 சதவீதம்தான். நாம் வாங்கும் சாதாரண கார்பன் ரெசிஸ்டரின் டாலரன்ஸ் 5 சதவீதம். தங்க நிறப் பட்டைக்கு அதுதான் அர்த்தம் என்று மூன்று வருடம் படித்தும் மனதில் பதியாத விஷயம், அந்த ரெசிஸ்டர் ஒரு ஸ்வரத்தையே ஏறக்குறைய அடுத்த ஸ்வரத்துக்குத் தள்ளிவிடும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் மறக்காது.

முதல் ஒலி

சிடி40106 என்ற ஐசியில் ஆரம்பியுங்கள். 14 பின். உள்ளே ஆறு ஷ்மிட் ட்ரிக்கர் இன்வெர்ட்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டருடன் தனி ஆசிலேட்டராகிவிடும். ஒரே ஐசியில் ஆறு குரல்கள்.

இணைப்பு எளிது. பின் 14 பேட்டரியின் பிளஸுக்கு, பின் 7 மைனஸுக்கு. பின் 1 இன்புட், பின் 2 அவுட்புட். இரண்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். பின் 1-இலிருந்து மைனஸுக்கு 104 என்று அச்சிட்ட கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். இன்னொரு 104-ஐ ஐசியை ஒட்டி, பின் 14-க்கும் மைனஸுக்கும் இடையே போடுங்கள். சப்ளையில் வரும் சலசலப்பை இது அங்கேயே விழுங்கிக்கொள்ளும்.

உள்ளே நடப்பது இதுதான். இன்புட்டில் வோல்டேஜ் குறைவாக இருக்கும்வரை அவுட்புட் மேலே நிற்கும். அது ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டரை மெல்ல நிரப்பும். ஒரு மேல் எல்லையைத் தொட்டதும் அவுட்புட் சட்டென்று கீழே விழும். கெபாசிட்டர் அதே வழியாகக் காலியாகத் தொடங்கும். கீழ் எல்லைக்கு வந்ததும் அவுட்புட் மறுபடி மேலே. இரண்டு எல்லைகளுக்கும் இருக்கும் இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ். தேர்வுக்கு மனப்பாடம் செய்த அந்தச் சொல் இங்கே நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வேலை செய்கிறது. நான் சொன்ன மதிப்புகளுக்கு 120 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒலி வரும். ஐசி தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்து கூடும், குறையும்.

ஒலியை வெளியே எடுக்கும்போது கவனம் வேண்டும். பின் 2-இல் வருவது ஏறக்குறைய 9 வோல்ட் உயரமுள்ள சதுர அலை. அதை நேராக ஆம்ப்ளிஃபயரில் கொடுக்கக் கூடாது. பின் 2-இலிருந்து ஒரு 100 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு ஒரு 10 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் சுமார் 0.8 வோல்ட்தான் இருக்கும். அங்கிருந்து ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாகப் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். டிசி நின்றுவிடும், ஒலி மட்டும் போகும். வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். கெட்ட செவிப்புலன் திரும்ப வராது. பழகும்வரை பேட்டரியோடு நின்றுகொள்ளுங்கள். 230 வோல்ட் பக்கம் போகவே வேண்டியதில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்றவர்களுக்கு ஆன்லைன் கடைகள். மல்டிமீட்டரைத் தவிர்த்துப் பார்த்தால் மொத்தச் செலவு 500 ரூபாயைத் தாண்ட வாய்ப்பில்லை. ஐசி மட்டும் இரண்டு மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் "40106 இல்லை, இதுவும் அதேதான்" என்று 74எச்சி14-ஐ நீட்டினால் யோசித்து வாங்குங்கள். பின்களின் வரிசை ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். ஆனால் அது 6 வோல்ட் வரைக்குமே. 9 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் அதன் கதை முடிந்துவிடும். டேட்டாஷீட்டைத் திறந்து "அப்சல்யூட் மாக்ஸிமம் ரேட்டிங்ஸ்" என்ற பட்டியலை முதலில் பார்ப்பது ஒரு வேலைப் பழக்கம். அது வர இந்த ஒரு ஐசி போதும்.

சத்தம் வரவில்லையா? நல்லது. வேலைக்கான பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. வயரையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து மாட்டுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பேட்டரியில் வோல்டேஜ் இருக்கிறதா? அது பின் 14 வரை வந்து சேர்கிறதா? பின் 7 உண்மையிலேயே மைனஸில் இருக்கிறதா? மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அவுட்புட்டைத் தொடுங்கள். 4.5 அருகே காட்டினால் பதற வேண்டாம். ஆசிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாதி நேரம் 9, பாதி நேரம் 0, மீட்டர் சராசரியைச் சொல்கிறது. 9-இலோ 0-இலோ நின்றுவிட்டால் ஆசிலேட்டர் ஓடவில்லை. இப்படி சர்க்யூட்டைப் பாதி பாதியாக வெட்டிக் குற்றவாளியை நெருங்கத் தெரிந்தவரைத்தான் எந்த டெஸ்டிங் பிரிவும் தேடுகிறது.

இன்னொரு இடத்தில் பலர் மாட்டிக்கொள்வார்கள். உபயோகிக்காத இன்புட்களான 3, 5, 9, 11, 13 ஆகிய பின்களை அந்தரத்தில் விட்டுவிடுவார்கள். சீமாஸ் ஐசியின் இன்புட்டை அப்படி விட்டால் அது காற்றில் இருக்கும் மின் இரைச்சலை வாங்கிக்கொண்டு தன்னிஷ்டத்துக்கு ஆடும். பக்கத்து ஆசிலேட்டரையும் கெடுக்கும். எல்லாவற்றையும் மைனஸில் கட்டிவிடுங்கள். நேர்முகத் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது. அந்த இரைச்சலைக் கேட்டு அனுபவித்தவரின் பதிலில் ஒரு உறுதி இருக்கும்.

அதோடு விளையாடுங்கள்

100 கிலோ ஓமுக்குப் பதில் 1 மெகா ஓம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) ஒன்றையும் அதோடு தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் போடுங்கள். திருகினால் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு டிக் சத்தத்திலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வரை போகும். தனித்தனி டிக்குகள் எந்த இடத்தில் ஒன்றுகூடி ஸ்வரமாகின்றன என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாட்டை எடுத்துவிட்டு எல்டிஆர் போட்டால் கையை மேலே ஆட்டுவதற்கேற்ப சுருதி ஏறி இறங்கும். மெதுவாக ஓடும் ஓர் ஆசிலேட்டரின் அவுட்புட்டிலிருந்து 1என்4148 டயோடு வழியாக வேகமாக ஓடும் ஆசிலேட்டரின் இன்புட்டுக்கு இணைத்தால், முதலாவது இரண்டாவதை நிறுத்தி நிறுத்தி ஓட விடும். தாளம் பிறந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை, இதே ஐசியில் ஒரு சுருதிப் பெட்டி செய்வது. மூன்று ஆசிலேட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டை சுருதி என்றால் ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 196, மேல் ஸட்ஜம் 262. மூன்றையும் தலா 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரே புள்ளியில் சேர்த்து, அங்கிருந்து முன்போலவே 10 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டு ஸ்பீக்கருக்கு எடுங்கள். இப்போது சுருதி சேர்க்க வேண்டும். கீழ் ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் விகிதம் சரியாக 2 வராவிட்டால் ஒலியில் ஓர் அலைவு தெரியும். பக்கத்தில் வரவர அலைவு மெதுவாகி நின்றுவிடும். தம்புரா கட்டுகிறவர்கள் காதால் செய்வதும் இதைத்தான். 220 ஹெர்ட்ஸும் 222 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு அலைவு. விலை உயர்ந்த சிஆர்ஓ இல்லாமலே மிகச் சிறிய வித்தியாசத்தை அளக்கும் வழி இது.

சுருதி சேர்த்துவிட்டுச் சிறிது நேரம் ஓட விடுங்கள். நிற்காது. கலைந்துவிடும். பேட்டரி இறங்குகிறது, அறை சூடாகிறது, டிஸ்க் செராமிக் கெபாசிட்டர் வெப்பத்துக்கு ஏற்ப மதிப்பை மாற்றிக்கொள்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் தொழிலின் பாதி இந்தக் கலைவோடு நடக்கும் போராட்டம்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் 7805 ரெகுலேட்டர் போட்டு சப்ளையை 5 வோல்ட்டில் நிறுத்துங்கள். எவ்வளவு மாறியது என்று செல்போன் ட்யூனரில் அளந்து எழுதுங்கள். பிறகு செராமிக்கை எடுத்துவிட்டு பாலியெஸ்டர் கெபாசிட்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். எந்த மாற்றம் எவ்வளவு பலன் தந்தது என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தால் நீங்கள் பொறியாளராகப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

எழுதி வையுங்கள்

கருவியைவிட நோட்டுப் புத்தகம் முக்கியம் என்றே சொல்வேன். ஒவ்வொரு சோதனைக்கும் நாலு வரி போதும். என்ன எதிர்பார்த்தேன், கணக்குப்படி எவ்வளவு, அளந்தது எவ்வளவு, வித்தியாசம் ஏன். தேதி போடுங்கள். கையால் வரைந்த சர்க்யூட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். வராத சோதனையையும் எழுதுங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று நேர்முகத் தேர்வு எடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடித்துத் திருத்திய எண்கள் உள்ள நோட்டைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

அங்கே என்ன கேட்பார்கள்? என் அனுபவத்தில் நல்ல கேள்வி ஒன்று உண்டு. "இதையே ஆயிரம் பீஸ் செய்தால் எல்லாம் ஒரே சுருதியில் பாடுமா?" பாடாது. ரெசிஸ்டர் 5 சதவீதம், கெபாசிட்டர் 10 சதவீதம், ஐசியின் மேல் கீழ் எல்லைகள் அதைவிட அதிகமாகப் பீஸுக்குப் பீஸ் மாறும். அப்படியானால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றிலும் ட்ரிம்மர் போட்டு ஆளை வைத்து ட்யூன் செய்வதா, 1 சதவீத பாகங்கள் வாங்குவதா, கிரிஸ்டலோடு மைக்ரோகன்ட்ரோலருக்குப் போவதா? ஒவ்வொன்றுக்கும் செலவு எங்கே விழுகிறது? இதற்கு ஒரே விடை இல்லை. கேட்கிறவர் நீங்கள் யோசிக்கும் விதத்தைத்தான் பார்க்கிறார். ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தால் தினமும் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும்.

அடுத்த படி

ஒரு குரல் நன்றாக ஓடியதும் இரண்டு பாதைகள் பிரிகின்றன. எந்த வேலை வேண்டுமோ அதற்கேற்ற பாதையில் போங்கள்.

அனலாக் பாதையில் முதல் பாடம் வோல்டேஜ் கன்ட்ரோல். 1964-இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் செய்துகாட்டியது இதைத்தான்: பாட்டைக் கையால் திருகாமல் ஒரு வோல்டேஜால் சுருதியை நகர்த்துவது. அவர் வழக்கமாக்கிய கணக்கு, 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 83.3 மில்லிவோல்ட். ஸ்தாயிக்கு ஸ்தாயி அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டும்; அந்த வளைவைத் தருவது டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் ஜங்ஷன். அதே ஜங்ஷன் வெப்பத்துக்கு ஆடும். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடியாக ஒட்டவைத்து ஒன்றின் ஆட்டத்தை மற்றதால் சரிக்கட்டுவது ஏன் என்று இங்கே புரியும். இதைக் கட்டி முடித்தவருக்கு ஆப்-ஆம்ப், கரன்ட் சோர்ஸ், டெம்பரேச்சர் காம்பன்சேஷன் மூன்றும் கைவந்திருக்கும். ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1995-இல் கொண்டுவந்த யூரோராக் அளவுகளில் உலகம் முழுக்கச் சிறு சிறு பட்டறைகள் இன்றும் மாட்யூல் செய்து விற்கின்றன. பாரிஸிலிருந்து எமிலி ஜிலே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் டிசைன்களைத் திறந்தே வைத்தது. ஒரு தேர்ந்த பொறியாளரின் சர்க்யூட்டை வரி வரியாகப் படிக்கும் வாய்ப்பு அது. எடுத்தாண்டால் லைசென்ஸைப் படித்து, பெயரைச் சொல்லி எடுத்தாளுங்கள்.

எம்பெடட் வேலை வேண்டும் என்பவர் டிஜிட்டல் பாதையில் போகலாம். ராஸ்ப்பெரி பை பிக்கோ, டீன்சி, ஈஎஸ்பி32 எதுவானாலும் சரி. நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 22.7 மைக்ரோசெகண்ட் அவகாசம். அதற்குள் கணக்கை முடித்து எண்ணை வெளியே தள்ளியாக வேண்டும். முடிக்காவிட்டால் "டப்" என்று கேட்கும். இன்டரப்ட், பஃபர், டிஎம்ஏ, டெட்லைன் என்று வகுப்பில் கேட்ட சொற்கள் எல்லாம் அந்த ஒரு "டப்"பை ஒழிக்கப் போராடும்போது பிடிபடும். கூடவே மிடி இன்புட் ஒன்றும் சேருங்கள். 1983-இல் வந்த அந்த முறை இன்னும் உயிரோடிருக்கிறது. நொடிக்கு 31,250 பிட், நடுவே ஓர் ஆப்டோ ஐசொலேட்டர். யூஆர்ட் பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எந்தப் பாதையானாலும் ஒரு தடவையாவது கிகேடில் பிசிபி வரைந்து, கெர்பர் ஃபைல் அனுப்பி, போர்டை வரவழைத்துப் பாருங்கள். கிகேட் இலவசம். பாகங்களின் பட்டியலை விலையோடு போடுங்கள். பாட்டின் தண்டு பெட்டியின் துளைக்கு நேராக வருகிறதா என்று பேப்பரில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சடித்து வைத்துப் பாருங்கள். பிரெட்போர்டில் ஓடியதைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் வேலையைச் செய்தவர்கள் குறைவு. அதனால்தான் அதற்கு மதிப்பு.

இதில் பிழைப்பு உண்டா

பெரிய பெயர்களும் சிறிதாகத்தான் தொடங்கின. மூக் 1961-இல் ஒரு பத்திரிகையில் தெரமின் என்ற எலெக்ட்ரானிக் இசைக்கருவியின் செய்முறை எழுதி, அதற்கான கிட்டுகளை விற்றவர். ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி கடிகாரமும் ரேடியோவும் பழுதுபார்த்த கடையிலிருந்து வந்தவர். நம் பக்கத்தில் பெங்களூரின் ராடெல் இருக்கிறது. புல்லாங்குழல் வாசிக்கும் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் தொடங்கிய அந்த நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இன்று கச்சேரி மேடைகளில் பழகிப்போன பொருள். இந்தியாவுக்குச் சின்தசைசர் வந்ததும் நேற்றல்ல. அகமதாபாத்தின் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில் 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் ட்யூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவிக்கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே செய்த ஒலிப்பதிவுகள் 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

ஆனால் சின்த் செய்து விற்றே குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்ல மாட்டேன். மிகச் சிலருக்கே அது வாய்க்கும். சின்த் கட்டிய கை போய்ச் சேரும் இடங்கள் வேறு: ஹார்டுவேர் டிசைன், பிசிபி லேஅவுட், போர்டு டெஸ்டிங், எம்பெடட், ஆடியோ டிஎஸ்பி. இயர்ஃபோன், கார் ஆடியோ, செவித்துணைக் கருவி, மருத்துவ அளவீட்டுக் கருவி எதுவானாலும் சிறிய சிக்னலை இரைச்சலிலிருந்து காப்பாற்றும் வேலைதான். சொந்த ஊரிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு ரிப்பேர் ஒரு நல்ல வழி. மெல்லிசைக் குழுக்கள், தேவாலயங்கள், சிறு ஸ்டுடியோக்கள் எல்லாவற்றிலும் கீபோர்டும் மிக்சரும் இருக்கின்றன. பழுதானால் நம்பி ஒப்படைக்க ஆள் கிடைப்பதில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு நேரத்தில் நீங்கள் செய்யும் டிசைன் யாருக்குச் சொந்தம் என்பது குறித்து அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஒரு நிபந்தனை இருக்கலாம். விற்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் படியுங்கள். கம்பெனி லேபின் பாகங்களையும் லைசென்ஸ் சாஃப்ட்வேரையும் இதற்குத் தொடாதீர்கள்.

நேர்முகத் தேர்வுக்குக் கருவியைக் கொண்டுபோவதென்றால் முந்தின நாளே ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். சொல்லாமல் கொண்டுபோனால் பேட்டரியும் வயரும் உள்ள பெட்டியை வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். அப்படியும் விடாவிட்டால் காட்டுவதற்குப் போனில் ஒரு நிமிட வீடியோவாவது இருக்கட்டும். பையில் நோட்டுப் புத்தகமும் புதுப் பேட்டரி ஒன்றும் இருக்கட்டும். உள்ளே போனதும் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள்.